இரண்டாவது வரச் சொன்னவள்

எங்கள் பள்ளியில் அவளுக்கு விசில் என்று பெயர். பிள்ளைகள் வைத்த பெயர்தான். அவள் இல்லாத நேரத்தில் நாங்களும் அப்படித்தான் சொல்வோம், தலைமையாசிரியர் உட்பட. விளையாட்டு ஆசிரியை. ஒல்லியான உடம்பு, வெயிலில் கருத்த முகம், நலம் விசாரித்தால்கூடச் சண்டைக்கு வருகிற மாதிரி ஒரு வாய். நான் அறிவியல் நடத்துகிறவள். என் வகுப்பு நேரத்தைத்தான் எப்போது பார்த்தாலும் பிடுங்கிக்கொண்டு போவாள்.

“அக்கா, ஒளிச்சேர்க்கை எங்கயும் ஓடிப் போயிடாது. பிள்ளைங்களை அனுப்புங்க.”

“பரீட்சையில நீ வந்து எழுதுவியா?”

“எழுதறேன். வழியை விடுங்க.”

பெண் பிள்ளைகள் அணியோடு இரண்டு ஆசிரியைகள் போக வேண்டும் என்பது விதி. வெயிலில் நிற்க வேறு யாருக்கும் மனசில்லை. ஆகவே அணி மேலாளர் என்ற பட்டத்தை என் தலையில் கட்டினார்கள். மேலாளர் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிடாதீர்கள். பை தூக்குவது, தண்ணீர்க் கேனுக்குக் காவல் இருப்பது, முட்டி சிராய்த்தால் மருந்து போடுவது. அதனால்தான் எல்லாவற்றையும் பக்கத்தில் இருந்து பார்க்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

எங்கள் மைதானத்தைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மூலையைக் குடிநீர் மோட்டார் அறை தின்றுவிட்டது. மிச்ச இடத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டால் அது என்ன வடிவம் என்று கணக்கு சாருக்கே தெரியாது. வளைவு முடிகிற இடத்தில் ஒரு சாக்கடை மூடி. உள்கோட்டில் ஓடுகிறவள் அதைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டும். ஸ்பைக்ஸ் ஷூ எல்லோருக்கும் கிடையாது. ஒருத்தி ஓடி முடித்துக் கழற்றிக் கொடுத்தால்தான் அடுத்தவள், அந்த வேர்வை ஈரத்தோடே, நுனியில் துணி அடைத்து மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

இந்த லட்சணத்தில் நாங்கள் யாரோடு மோத வேண்டும் தெரியுமா? நெடுஞ்சாலை ஓரத்தில், சுவர் முழுக்கக் கண்ணாடி பதித்துக் கட்டியிருக்கிற தனியார் பள்ளியோடு. அங்கே ரப்பர் ஓடுபாதை. ஓட்டத்துக்கு ஒரு பயிற்சியாளர், தாண்டுவதற்கு ஒருவர், கால் பிடித்துவிட ஒருவர், என்ன சாப்பிடலாம் என்று சொல்ல ஓர் அம்மாள். போட்டிக்கு வந்தால் தனிக் கூடாரம் அடித்து, ஐஸ் பெட்டி வைத்து, பிள்ளைகளைப் பாய் விரித்துப் படுக்க வைத்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் வேலி ஓரத்து நிழலைத் தேடிப் போய் உட்காரும்.

அதுகூடப் பரவாயில்லை. இருக்கிறவன் செலவு செய்கிறான், போகட்டும். என் வயிற்றெரிச்சல் வேறு. அரசுப் பள்ளி என்றால் எங்கள் தெருக்களில் குடியிருக்கிற பிள்ளைகளைத்தான் நாங்கள் சேர்க்கலாம். நொண்டியடிக்கிறதோ, தூங்கி வழிகிறதோ, வருவதை வைத்துத்தான் எங்கள் அணி. அவர்களுக்கு எல்லை கிடையாது. போட்டி நடக்கிற இடமெல்லாம் அவர்களுடைய விளையாட்டு இயக்குநர் வந்து நிற்பார். வெள்ளைத் தொப்பி, கையில் ஸ்டாப்வாட்ச், முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு. எங்களுக்கு அவர் பெயரே தொப்பிதான். எவள் முதலில் வருகிறாளோ அவள் வீட்டுக் கதவை மறுவாரம் தட்டுவார். இலவசப் படிப்பு, தங்கும் இடம், சாப்பாடு, ஷூ. எந்த அப்பன் ஆத்தா வேண்டாம் என்பார்கள்? ஒரு வருடம் உயரம் தாண்டுகிறவளைக் கொத்திக்கொண்டு போனார். மறு வருடம் குண்டு எறிகிறவள். அதற்கடுத்த வருடம் எங்கள் ஓட்டக்காரி, முயல் என்று கூப்பிடுவோம், அவளும் போனாள். நாங்கள் வளர்த்த பிள்ளைகள் அவர்கள் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து எங்களையே தோற்கடித்தன. கோப்பையைத் தூக்கிப் பிடித்துத் தொப்பி படம் எடுத்துக்கொண்டார். அடப்பாவி, வெட்கமே இல்லையா என்று நான் சத்தமாகவே சொன்னேன். அவர் காதில் விழுந்தது. சிரித்தார்.

விசில் சும்மா இருக்கிறவளா? போட்டி நடத்துகிற குழுவின் கூட்டத்துக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். கூட்டம் நடந்ததே கண்ணாடிப் பள்ளியின் குளிர்சாதன அறையில். கோப்பைகள் வாங்கிக் கொடுப்பது அவர்கள், மதியச் சாப்பாடு போடுவது அவர்கள். அங்கே போய் இவள் எழுந்து நின்றாள்.

“பணம் வாங்கற பள்ளிக்கூடத்துக்குத் தனிப் போட்டி வைங்க. இல்லைன்னா, பள்ளிக்கூடம் மாறிப் போற பிள்ளை ஒரு வருஷம் போட்டியில நிக்கக் கூடாதுன்னு விதி போடுங்க. நாங்க எங்க தெருவுல பொறந்ததை ஓட வைக்கணும். இவங்க ஊர் ஊரா போய்ப் பொறுக்கி எடுப்பாங்க. ரெண்டு பேரையும் ஒரே கோட்டுல நிக்க வெச்சா அதுக்குப் பேரு போட்டியா?”

குழுத் தலைவர் பெரிய மனிதர் தோரணையில் தண்ணீர் குடித்தார். “விளையாட்டுல எல்லாரும் சமம், டீச்சர். கோட்டுல நின்னா ஏழை பணக்காரன் கிடையாது.”

“அப்படியா? அப்ப இந்த வருஷப் போட்டியை எங்க கிரவுண்டுல வைங்க. இவங்க பிள்ளைங்களும் சாக்கடை மூடியைத் தாண்டி ஓடட்டும். அதான் எல்லாரும் சமமாச்சே.”

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. மற்ற பள்ளிக்காரர்கள் எல்லோரும் தட்டில் இருந்த பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளையும்தான் தொப்பி தூக்கிப் போயிருந்தார். தொப்பி மட்டும் எழுந்து, ரொம்ப மரியாதையாக, “ஒரு ஏழைக் குழந்தைக்கு நல்ல வாய்ப்பு கிடைச்சா மேடம் ஏன் வருத்தப்படறாங்கன்னு எனக்குப் புரியலை” என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். கூட்டம் முடிந்தது.

திரும்பி வருகிற பேருந்தில்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பாதி வழியில் சொன்னாள். அவளையும் அந்தப் பள்ளிதான் ஒரு காலத்தில் தூக்கிப் போயிருக்கிறது. அப்போது கண்ணாடி கிடையாது, வெறும் செங்கல் கட்டடம். தடை ஓட்டத்தில் அவளை மிஞ்ச ஆள் இல்லையாம். வலிக்கிறது என்றாலும் ஓட வைத்தார்கள். முழங்கால் போனது. அடுத்த பருவத்துக்கு அவளுக்கு இடம் இல்லை என்று பெட்டியைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஒரு வருடம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்து, பழைய பள்ளியில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு சேர்ந்து படித்தாளாம்.

“ஓடற வரைக்கும்தான் அங்க சோறு, அக்கா,” என்றாள்.

அதற்குப் பிறகுதான் அவள் அந்த வேலையை ஆரம்பித்தாள். வேறு எந்த விளையாட்டு ஆசிரியையும் செய்ய மாட்டாள், செய்தால் பைத்தியம் என்பார்கள். பிள்ளைகளுக்கு இரண்டாவது வரக் கற்றுக்கொடுத்தாள்.

தகுதிச் சுற்றுகளில் முதல் இரண்டு பேர் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். முதலில் வந்தவளைத்தானே தொப்பி பார்க்கிறார்? இரண்டாவது வந்தால் அவர் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆகவே இவள் பிள்ளைகளைப் பழக்கினாள். முன்னால் போகிறவளின் தோளுக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு ஓட வேண்டும். தாண்டக் கூடாது. கால் துடித்தாலும் பிடித்து வைக்க வேண்டும். கடைசி நேர்ப்பாதையில் வரும்போது கோட்டோரத்தில் நின்று, “இரு! இரு! அப்படியே இரு!” என்று கத்துவாள். பார்க்கிறவர்கள், தோற்கிற பிள்ளைக்குத் தைரியம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

பிள்ளைகளும் பிடித்துக்கொண்டன. போட்டிக்குக் கிளம்பும்போதே வேனில் கேட்கும்: “டீச்சர், இன்னிக்கு எத்தனாவது வரணும்?” சின்னது ஒன்று, “எனக்கு எட்டாவது வரத்தான் வரும், பரவாயில்லையா?” என்று கேட்டு எங்களைச் சிரிக்க வைத்தது. நான் திட்டினேன். இது என்ன கூத்து, ஜெயிக்கச் சொல்லிக்கொடுக்க உனக்குச் சம்பளமா, தோற்கச் சொல்லிக்கொடுக்கவா என்றேன்.

“கடைசிப் போட்டியில அவுத்து விட்டுடுவேன், அக்கா. அதுவரைக்கும் அந்த ஆள் கண்ணுல படக் கூடாது.”

தொப்பிக்கு இவள் இளக்காரமாகப் போய்விட்டாள். “என்ன ரெண்டாவது மேடம், சௌக்கியமா?” என்று எல்லோர் எதிரிலும் கேட்பார். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

இத்தனையும் முக்கியமாக ஒருத்திக்காக. கொக்கு என்று பிள்ளைகள் கூப்பிடும். கால் மட்டும்தான் வளர்ந்திருந்தது, மற்றதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது போல. எண்ணூறு மீட்டர் ஓட்டம். அப்பா இல்லை, அம்மா ஒரு தையல் கம்பெனியில் நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைக்கிறவள். “இந்த வருஷத்தோட போதும் டீச்சரம்மா, எங்க லைன்லயே ஹெல்பர் வேலை இருக்கு, சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வெச்சுட்டேன்” என்று அந்த அம்மாள் வந்து சொன்னபோது, விசில் கைகூப்பாத குறை. ஒரே ஒரு வருடம் கொடுங்கள் என்று கெஞ்சினாள். மாநிலப் போட்டியின் இறுதியில் முதலில் வருகிறவளுக்கு அரசு விளையாட்டு விடுதியில் இடம். அங்கே சேர்ந்துவிட்டால் பள்ளிப் படிப்பு முடிகிறவரை வெளியே அனுப்ப மாட்டார்கள். கால் உடைந்தாலும் படிக்கலாம். ஆனால் முதலில் வருகிற ஒருத்திக்குத்தான். இரண்டாவதுக்குப் பதக்கம் மட்டும்.

“முதல்ல வந்தா படிப்பு. இல்லைன்னா காலர்,” என்றாள் கொக்கு என்னிடம், ஏதோ சினிமாவுக்குப் போவதைப் பற்றிச் சொல்வதுபோல. அந்த வயசில் அப்படித்தான் சொல்ல முடியும்.

அந்த ஒரு வருடம் முழுக்க அந்தப் பிள்ளை எல்லா இடத்திலும் இரண்டாவது வந்தது. வட்டாரத்தில் இரண்டாவது, மாவட்டத்தில் இரண்டாவது, அரையிறுதியில் இரண்டாவது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். ஒரு தடவைகூட அதற்கு மூச்சு வாங்கி நான் பார்த்ததில்லை.

இறுதிப் போட்டி அன்று மைதானத்தில் நல்ல வெயில். கொக்கின் அம்மா சம்பளம் பிடிப்பார்கள் என்று தெரிந்தும் லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். விசில் கொக்கின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

“இன்னிக்கு யாரும் உன்னைப் பிடிச்சு வைக்கலை. ரெண்டாவது சுத்துக்கு மணி அடிச்சதும் போ. யார் இருந்தாலும் தாண்டிப் போ. புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது டீச்சர்.”

துப்பாக்கி வெடித்தது. முன்னால் போனவள் முயல், எங்கள் பழைய முயல்தான், கண்ணாடிப் பள்ளியின் பளபளக்கிற சட்டையில். அவள் தோளுக்குப் பின்னால் கொக்கு. முதல் சுற்று முடிந்து மணி அடித்தது. நான் கேனை விட்டுவிட்டு எழுந்துவிட்டேன். வளைவில் அப்படியே. எதிர்ப்பக்கத்து நேர்ப்பாதையில் அப்படியே. மற்றவர்கள் எல்லோரும் பின்னால் எங்கேயோ. கடைசி வளைவைத் தாண்டி நேராக வந்தார்கள். விசில் கோட்டோரமாக ஓடினாள், அந்த முழங்காலை வைத்துக்கொண்டு.

“போ! போடி! தாண்டு! தாண்டுடி!”

கொக்கு தாண்டவில்லை. முயலின் தோளுக்குப் பின்னால், எத்தனையோ போட்டிகளில் ஓடிய அதே இடத்தில், அழகாக, பிசகாமல் ஓடி வந்து, அப்படியே கோட்டைக் கடந்தது.

முயல் புல்லில் விழுந்து வாந்தி எடுத்தாள். அவளைச் சுற்றி நான்கு பேர் ஐஸ் துணியோடு உட்கார்ந்தார்கள். கொக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றது. மூச்சு வாங்கவில்லை.

“ஏண்டி? ஏண்டி போகலை?” விசிலின் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை.

“போகணும்னுதான் நினைச்சேன் டீச்சர்.” கொக்கின் முகத்தில் ஈயாடவில்லை. “கால்ல பலம் இருந்துச்சு. முன்னாடி ஒருத்தி முதுகைப் பாத்தா தானா அடங்கிடுது. நீங்க கத்தினது கேட்டுச்சு. ஆனா எப்பவும் இருன்னுதானே கத்துவீங்க? இதுவும் அதுதான்னு கால் நினைச்சுக்கிச்சு.”

விசில் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு யாரையாவது அறைய வேண்டும்போல் இருந்தது. யாரை என்றுதான் தெரியவில்லை.

தொப்பி அப்போதுதான் வந்தார். முயல் பக்கம் போகவில்லை, நேராக எங்களிடம். இந்தத் தடவை சிரிப்புகூட இல்லை.

“எங்க பொண்ணு அங்க உருண்டுட்டிருக்கா. உங்க பொண்ணு சும்மா நிக்கிறா. ஒளிச்சு வெச்சிருக்கீங்களோன்னு எனக்கு முன்னாடியே சந்தேகம் மேடம். இன்னிக்குத் தெரிஞ்சு போச்சு. இவ ஜெயிச்சிருந்தா அரசு விடுதிக்குப் போயிருப்பா, நான் வாயை மூடிக்கிட்டுப் போயிருப்பேன். உங்க புண்ணியம், ரெண்டாவது வந்துட்டா.”

சொல்லிவிட்டு அம்மாவின் பக்கம் திரும்பினார். படிப்பு, தங்குமிடம், சாப்பாடு, ஷூ. அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். நான் குறுக்கே ஏதோ சொல்லப் போனேன்.

“நீங்க சும்மா இருங்க டீச்சரம்மா,” என்றாள் என்னைப் பார்த்து. “ஒரு வருஷம் கேட்டீங்க, கொடுத்தேன். என்ன ஆச்சு? இவரு பிள்ளையை இப்பவே கூட்டிட்டுப் போறேங்கறாரு. வேணாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?”

பைத்தியம் இல்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அதற்காகவே அவள்மேல் எனக்குக் கோபம் வந்தது.

விசில் எழுந்தாள். “ஒண்ணு மட்டும் எழுதிக் கொடுங்க சார். இவளுக்கு அடிபட்டாலும், ஓட முடியாமப் போனாலும், படிப்பு முடியற வரைக்கும் வெளியே அனுப்ப மாட்டோம்னு.”

“அதெல்லாம் நிர்வாகம் முடிவு பண்ற விஷயம்.”

“அப்ப நிர்வாகத்தைக் கேட்டுச் சொல்லுங்க. உடைஞ்சா தூக்கிக் குப்பையில போடற நிர்வாகம்தானே அது?” அவள் பேண்ட் காலை முழங்காலுக்கு மேலே சுருட்டினாள். குறுக்கும் நெடுக்குமாகத் தையல் தழும்பு. “பாருங்க. உங்க கிரவுண்டுல வாங்கினது.”

அவர் குனிந்து பார்த்தார். “அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடி மேடம்,” என்றார். அப்புறம் அந்த அம்மாளிடம், திங்கள்கிழமை காலையில் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரும்படி சொல்லிவிட்டுக் கூடாரத்தைப் பார்த்து நடந்தார். இவ்வளவுதான் அந்த முழங்காலுக்குக் கிடைத்த பதில். கையில் இருந்த மருந்துப் பெட்டியை அவர் முதுகில் வீசியிருப்பேன், நல்லவேளை கைப்பிடி கழன்று கீழே விழுந்துவிட்டது.

விசில் பேண்டை இறக்கிவிட்டுக் கொக்கின் பக்கத்தில் போனாள். அவ்வளவு தணிந்த குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை.

“போ. நல்லா ஓடு, ஜெயி. ஆனா வலிச்சா நின்னுடு. அவங்க ஓடச் சொன்னாலும் நின்னுடு. உன்னை நிக்கச் சொல்ல அங்க யாரும் இருக்க மாட்டாங்க.”

கொக்கு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தது. அது எங்கள் ஷூ, திருப்பிக் கொடுக்க வேண்டும். நுனியில் அடைத்திருந்த துணியையும் எடுத்து, இரண்டையும் விசிலின் கையில் கொடுத்தது.

“இங்க நிக்கச் சொல்ல மட்டும்தானே டீச்சர் ஆள் இருந்தாங்க,” என்றது.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு, வெறுங்காலோடு, சுடுகிற தரையில் தாவித் தாவி அம்மாவிடம் போய்விட்டது.

வேனில் நான் விசிலுக்குச் சமாதானம் சொல்லப் பார்த்தேன். “சின்னப் பொண்ணு. தெரியாம ஏதோ சொல்லிட்டா, விடு.”

“தெரிஞ்சுதான் சொன்னா அக்கா,” என்றாள். ஷூ இரண்டும் அவள் மடியில் இருந்தன. பள்ளி வந்து சேரும் வரைக்கும் அவற்றின் லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.